பங்குனியிலும் போகாத பனி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், தரை சில்லுன்னு இருக்கும், கால் மரத்துப்போகும். அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. உங்க டிரைவர் ஏன் ரோட்டுலயே நிக்கிறாரு? அவரையும் வரச் சொல்லுங்களேன். ஜீப்பை இங்க யாரு தூக்கிட்டுப் போகப்போறா? சரி, அவரு இஷ்டம். வரக்காப்பிதான் போடுவேன், பால் கிடையாது. குடிப்பீங்கல்ல?

குடிதண்ணி ஆபீஸ்ல இருந்து வர்றீங்கன்னு நேத்தே சேதி வந்துருச்சு. சுருளி என்ன சொல்லி அனுப்பிச்சான்? "மேட்டு வீட்டு மரகதம் லேசுல சம்மதிக்காது, நீங்களே பேசிப் பாருங்க சார்"னுதானே? சிரிக்கிறீங்க. அப்ப அதான் சொல்லியிருக்கான். வார்டு மெம்பர் ஆனதுல இருந்து அவனுக்கு வேற வேலை இல்ல, நான் ஒருத்திதான் வேலை. என் ஊத்துல இருந்து பைப்பு இழுத்து ஊருக்குத் தண்ணி கொண்டுபோகணும், அதுக்கு நான் சரின்னு சொல்லணும். அம்புட்டுதானே விசயம்? சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததைக் கேட்டுக்கங்க. நாளைக்கு ஆபீஸ்ல போயி, தண்ணி குடுக்காத பொம்பளைன்னு என்னைப் பத்திப் பேசிக்கக் கூடாது பாருங்க.

அவசரமில்லையே? இல்லைன்னா நல்லது.

இந்த வீட்டுல நான் மட்டுந்தான். எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இப்படித்தான். "தனியாவா இருக்கீங்க"ன்னு கேட்றாதீங்க, வர்றவன் போறவன் எல்லாம் அதையே கேக்குறான். எனக்கு என்ன? டிவி இருக்கு. கோழி இருக்கு. வீட்டுக்குப் பின்னாடி பூண்டுக்காடு இருக்கு, அதுக்கு மேக்கால ஊத்து இருக்கு. மக ஓசூர்ல இருக்கா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணிருவா. ஊரு கீழ இருக்கு, நான் மேல இருக்கேன். கரண்டு கணக்கெடுக்க வர்றவரைத் தவிர இந்தப் படியில யாரும் ஏறுறது கிடையாது. நானும் யாரையும் கூப்புடுறது கிடையாது. நிம்மதியாத்தான் இருந்தேன்.

இந்த வருசம்தான் எல்லாம் கெட்டுச்சு.

ஐப்பசி கார்த்திகையில மழை சரியா இல்ல. வந்துச்சு, எட்டிப் பாத்துச்சு, போயிருச்சு. மார்கழியில பனி விழுந்துச்சு, அது எப்பவும் விழுறதுதான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. மாசி முடியறப்ப எங்களுக்குக் குளிர் விட்டுரும். நாலு மேகம் வரும், மூட்டம் போடும், ஒரு தூத்தல் விழும். மூட்டம் போட்டாப் பனி உறையாது தம்பி, அது எங்க ஊரு கணக்கு. இந்த வருசம் மூட்டமே போடல. வானத்தை யாரோ துணி வச்சுத் தொடச்ச மாதிரி கிடந்துச்சு, ராத்திரியும் பகலும். பங்குனி பொறந்தும் காலையில கதவைத் திறந்தா புல்லு மேல உப்பு அள்ளிக் கொட்டின மாதிரி வெள்ளை. பங்குனிப் பனிக்குன்னு ஒரு பழமொழி கிடையாது. வந்தாத்தானே சொல்லி வச்சிருப்பாங்க?

அதுவும் ஈரமில்லாத குளிரு. உதடு வெடிக்குது, குதிகால் வெடிக்குது. தேங்காண்ணெய் பாட்டில்ல கல்லா நிக்குது. பேரிக்கா மரம் பாவம், காலம் வந்துருச்சுன்னு நம்பிப் பூ விட்டுச்சு. ஒரே வாரம். அம்புட்டுப் பூவும் பனி சுட்டுக் கருகி, பீடித்துண்டு மாதிரி கீழ கிடந்துச்சு. பூண்டுத்தாளு நுனியில மஞ்சளாச்சு, அப்புறம் வெந்த கீரை மாதிரி படுத்துருச்சு. என்னுது மட்டுமில்ல, ஊரு பூராவும்.

அப்புறம் ஓடை நின்னுச்சு. ஓடைத்தண்ணிதான் கீழ தொட்டிக்குப் போகும், தொட்டியில இருந்து குழாய்க்குப் போகும். மொதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துச்சு. அப்புறம் குழாயைத் திறந்தா காத்துதான் வந்துச்சு. லாரியில தண்ணி அனுப்புறோம்னாங்க. லாரி இந்த வளைவுல ஏறாது, உங்களுக்கே தெரியும், நீங்க வந்த பாதைதானே?

என் ஊத்து மட்டும் நிக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. எங்க மாமனார் காலத்துல இருந்தே அது நின்னதில்ல. காலையில போனா மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும், சொம்பால தட்டினா உடையும், அடியில தண்ணி சிலுசிலுன்னு வந்துக்கிட்டே இருக்கும்.

மொதல்ல வந்தது யாருங்குறீங்க? சுருளி பொண்டாட்டி கௌசல்யாதான். இடுப்புல குடம், தலையில துண்டு, கேட்டுக்கு வெளியவே நிக்கிறா. கூப்புடவும் இல்ல, போகவும் இல்ல. நான்தான், "என்னடி, சிலையாட்டம் நிக்கிற?"ன்னேன்.

"அத்தை, ஒரு குடம் தண்ணி..."

"தண்ணியை நானா செஞ்சு வச்சிருக்கேன்? போயி மொண்டுக்க."

அம்புட்டுதான் நான் சொன்னது. மறுநாள் அஞ்சாறு பேரு. அதுக்கு அடுத்த நாள் ஊரே படியேறி வருது. விடிஞ்சும் விடியாம குடத்தைக் கீழ வைக்கிற சத்தத்துலதான் நான் கண்ணு முழிக்கிறேன். ஊத்து ஒரு நேரத்துக்கு ஒரு குடந்தானே நிரப்பும்? அதனால வாசல்ல வரிசை. என் வாசல் பூராவும் சகதி. கோழி மிரண்டு போயி முட்டை வைக்கிறதையே விட்டுருச்சு. ஒருத்தி இருமுறா, ஒருத்தி மாமியாரைத் திட்டுறா, ஒருத்தி என் அடுப்படி ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "அக்கா, என்ன வாசம்? கருவாடா?"ங்குறா. கேட்டீங்களா கதையை? என் வீட்டுக் கருவாடு ஊருக்கெல்லாம் தெரியணுமா?

குளிர்ல நிக்கிறாங்க, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வாசல்ல நாலு விறகைப் போட்டு நெருப்பு மூட்டினேன். நெருப்பு இருந்தா உக்காருவாங்க. உக்காந்தா, என்னத்தையாவது குடுக்கணும்ல? வரக்காப்பி போட்டேன். மொதல்ல சின்னப் பாத்திரத்துல போட்டேன், பத்தல. பரணையில எங்க கல்யாணத்துக்கு வாங்கின தவலை கிடந்துச்சு, அதை இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். எனக்கு எம்புட்டு வேலை பாருங்க. அந்தப் பங்குனி பூராவும் ஒரு நாளாவது உக்காந்து டிவி பாத்திருப்பேனா? மக போன் பண்ணா, "இரு இரு, ஆளுங்க நிக்கிறாங்க, அப்புறம் பேசுறேன்"னு வச்சுருவேன். அவளுக்கே ஆச்சரியம். "யாரும்மா ஆளுங்க?"ங்குறா. "யாரு யாருன்னு சொல்லுறது, ஊரே நிக்குது"ன்னேன்.

தொல்லைதான். தொல்லைன்னா தொல்லை.

அப்ப கௌசல்யாதான் ஒருநாள் கேட்டா. "அத்தை, பூண்டுக்காட்டுப் பக்கமா வந்தா ஊத்துக்கு நேரா வந்துரலாம்ல, சறுக்கலும் இல்ல, படியும் இல்ல. அங்க முள்ளு வெட்டிப் போட்டிருக்கீங்களே, கொஞ்சம் விலக்கி விடுங்களேன்." நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னா காட்டுமாடு. மலையில புல்லெல்லாம் பனியில வெந்துபோச்சுல்ல, காட்டுமாடு பச்சையைத் தேடி ஊருக்குள்ள இறங்குது. கீழ பள்ளிக்கூடத்து மைதானத்துல கூட்டமா நின்னுச்சுன்னாங்க. வழியைத் திறந்து விட்டா என் காட்டுக்குள்ள வராதா? பூண்டு கருகிப் போச்சே, இனி அங்க மாடு தின்ன என்ன இருக்குன்னு சுருளி கேக்குறான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் காட்டுமாடு ஒரு தடவைகூட வந்ததில்லைங்குறான். வராம இருந்ததே முள்ளு இருந்ததாலதானே? சொல்லுங்க, நீங்க படிச்சவரு.

முன்பக்கம் படியில வந்தா என்ன குறைச்சல்? நெருப்பு இருக்கு, காப்பி இருக்கு. மனுசங்க வர்ற வழி அதான்.

காப்பி ஆறிப்போகுது, குடிங்க.

ராக்கு மட்டும் வரல. ராக்கு என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. கீழ கோயிலுக்குப் பக்கத்துல அவ வீடு. பாகம் பிரிச்சப்ப ஊத்து இருந்த காடு எங்க பங்குல விழுந்துச்சு. நாங்க கேட்டு வாங்கல, விழுந்துச்சு. அன்னைக்குப் பெரிய மனுசங்க அத்தனை பேரு முன்னாடியும், "அந்தத் தண்ணி இனி என் தொண்டையில இறங்காது"ன்னு சொல்லிட்டுப் போனவதான். எங்க வீட்டுக்காரர் செத்தப்ப வந்தா, தலைமாட்டுல உக்காந்து அழுதா, எந்திரிச்சுப் போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவ வீட்டுக்காரர் செத்தப்ப நான் போனேன், அழுதேன், வந்துட்டேன். கணக்கு நேராயிருச்சு.

இப்ப ஊரே குடத்தோட ஏறுது, அவ ஏறல. மருமகளை அனுப்பினா. மருமக கொண்டுபோற தண்ணி எந்த ஊத்துத் தண்ணியாம்? தொண்டையில இறங்குச்சா இல்லையா? கேக்கணும்னு நினைச்சேன், கேக்கல.

ஒருநாள் காலையில மொத ஆளா படியில மூச்சு வாங்குற சத்தம். பாத்தா ராக்கு. மருமகளுக்குக் காய்ச்சலாம், அதை அப்புறந்தான் சொன்னா. கேட்டைத் திறந்தா, என்னைப் பாக்கல, நேரா ஊத்துக்குப் போனா, மொண்டா, குடத்தைச் சுவரோரமா வச்சா. போவான்னு பாத்தேன். நெருப்புகிட்ட வந்து குத்துக்காலு போட்டு உக்காந்துக்கிட்டா. கையெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது. டம்ளர்ல காப்பியை ஊத்தி முன்னாடி வச்சேன். எடுத்தா. ஊதினா. குடிச்சா. முழுசும் குடிச்சு முடிச்சுட்டுச் சொல்றா:

"சீனி கம்மி."

எத்தனையோ வருசத்துக்கப்புறம் அவ என்கிட்டப் பேசின மொத வார்த்தை அதுதான் தம்பி. "சீனி கம்மி." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "உன் கொழுந்தனுக்குச் சக்கரை வியாதி, இந்த வீட்டுல சீனி அப்படித்தான்"ன்னேன். அவ சிரிச்சா. அவருதான் செத்தே போயிட்டாரே, இன்னும் எதுக்குச் சீனியைக் குறைக்கிறேன்னு எனக்கும் அப்பத்தான் தோணுச்சு. நானும் சிரிச்சுட்டேன்.

மறுநாளும் வந்தா. மருமகளுக்குக் காய்ச்சல் விட்டப்புறமும் அவதான் வந்தா. மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துருவா. என்ன பேசுவோம்னு கேக்காதீங்க, ஒண்ணுமில்லாத பேச்சுதான். எங்க மாமியார் எப்படித் தும்முவாங்கன்னு செஞ்சு காமிப்பா. எங்க வீட்டுக்காரரும் அவ வீட்டுக்காரரும் இளவட்டத்துல ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுக் கொடைக்கானலுக்குப் படம் பாக்கப் போன கதை சொல்லுவா. எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. அவரு என்கிட்டச் சொன்னதில்ல. அவ டம்ளருக்கு மட்டும் தனியா சீனி போட ஆரம்பிச்சேன். உடம்புக்கு ஆகாதுதான், இருந்தாலும்.

அப்படிப் போயிக்கிட்டு இருக்கையிலதான் அது நடந்துச்சு.

எல்லாரும் குடத்தைத் தளும்பத் தளும்பத்தான் தூக்கிட்டு இறங்குறாங்க. சாயங்காலமும் வர்றாங்களே, படி பூராவும் தண்ணி சொட்டும். ராத்திரி அது உறைஞ்சிரும். பாத்தா ஈரம் மாதிரி இருக்கும், ஈரமில்ல, ஐசு. ராக்கு அன்னைக்கும் மொத ஆளா வந்தா, பேசினா, காப்பி குடிச்சா, குடத்தை எடுத்தா. "வர்றேன்டி"ன்னா. நான் உள்ள திரும்பல, அதுக்குள்ள குடம் உருளுற சத்தம். குடம் கீழ வரைக்கும் உருண்டு போகுது, ஒவ்வொரு படியா தட்டித் தட்டி. அவ சத்தமே போடல. அதான் எனக்குப் பயமாயிருச்சு. ஓடிப் பாத்தா மூணாம் படியில ஒருக்களிச்சுக் கிடக்கா, முகம் வெள்ளையா இருக்கு, "மரகதம், என்னைத் தூக்காத, என்னைத் தூக்காத"ங்குறா. இடுப்பெலும்பு.

கட்டில்ல வச்சுத்தான் இறக்கினாங்க. வத்தலக்குண்டுக்குக் கொண்டு போனாங்க.

அன்னைக்கு மத்தியானம் சுருளி அருவாளோட வந்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பூண்டுக்காட்டுப் பக்கம் போயி, முள்ளையெல்லாம் இழுத்து ஓரமா போட்டான். "ஒரு பொம்பளை இடுப்பை உடைச்சாத்தான் வழி விடுவியா அத்தை?"ன்னான். தண்ணிக்கு வந்த இத்தனை பேரு நிக்கையில கேக்குறான். நான் என்ன, பனியை மூட்டையில கட்டிக் கொண்டாந்து படியில கொட்டினேனா? "காட்டுமாடு வந்தா நீயா வந்து விரட்டுவ?"ன்னு கேட்டேன். யாரும் எனக்காகப் பேசல. கௌசல்யாகூட. என் நெருப்புல குளிர் காஞ்சவங்க தம்பி அத்தனை பேரும். தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

மறுநாள் நான் எப்பவும் போல எந்திரிச்சேன். படியில சாம்பலைக் கொட்டி, உப்பைத் தூவி வச்சேன். நெருப்பு மூட்டினேன், தவலையை ஏத்தினேன். ஆளுங்க வந்தாங்க. பின்பக்கமா. ஊத்துகிட்டச் சத்தம் கேக்குது, குடம் வைக்கிறாங்க, பேசுறாங்க, சிரிக்கிறாங்க. அப்படியே அந்தப் பக்கமாவே இறங்கிட்டாங்க. நேர்வழில்ல, சுலபம்ல. ஒருத்தி இருமினா, அது யாரு இருமல்னுகூட எனக்குத் தெரியுது. "காப்பி இருக்குடி"ன்னு சத்தம் குடுத்தேன். கேட்டிருக்காது. காத்து அந்தப் பக்கமா அடிச்சுச்சு. அம்புட்டுக் காப்பியையும் பேரிக்கா மரத்தடியில ஊத்தினேன். மறுநாள் கொஞ்சமாப் போட்டேன்.

வாசல் சுத்தமாயிருச்சு. கோழியும் முட்டை வச்சுச்சு. ஒரு வகையில நல்லதுதான்.

ராக்குவைப் பாக்க வத்தலக்குண்டு போயிருந்தேன். எனக்குப் பஸ்ஸு ஒத்துக்காது, வளைவுல குமட்டும், இருந்தாலும் போனேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, காலுக்குக் கல்லு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. கீழ வெயில் என்னமா அடிக்குதுங்குறீங்க, அங்க பங்குனி பங்குனியாத்தான் இருக்கு. மருமகளை வெளிய போகச் சொல்லிட்டு என்னையவே பாத்தா.

"ஏ மரகதம், பின்பக்கம் எதுக்குடி முள்ளு போட்ட?"

"காட்டுமாட்டுக்கு அக்கா."

அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "என் வீட்டுல ஆறு பேரு இருக்கோம். எனக்குந்தான் பேச ஆளில்ல"ன்னா. நான் காட்டுமாட்டைப் பத்திச் சொல்றேன், அவ எதையோ சொல்றா. மாத்திரை மயக்கம்னு நினைக்கிறேன்.

கிளம்புறப்பதான் சொன்னா. "ஊருக்குப் பைப்பு போடப்போறாங்களாம், உன்கிட்டக் கேட்டு வருவாங்களாம். குடுத்துரு. நான் இனி அந்தப் படியேற மாட்டேன்."

"அப்ப நீ வரவே மாட்டியா?"

"நீ இறங்கி வாடி. உனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு இங்க எம்புட்டு வேலை கிடக்கு. நான் எங்க இறங்கறது?

சித்திரை பொறந்து மழை வந்துச்சு. மத்தியானமா இருட்டிக்கிட்டு வந்து, இடி இடிச்சு, ஆலங்கட்டியோட கொட்டுச்சு. கீழ ஊரே தெருவுல நின்னு கத்துது, தகரத்தைத் தட்டுறாங்க, எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. நானும் வாசல்ல நின்னு நனைஞ்சேன். நல்ல மழை. ஓடை திறந்துச்சு, குழாயில தண்ணி வந்துச்சு. மறுநாள் காலையில எந்திரிச்சேன். பின்பக்கமும் சத்தமில்ல. முன்பக்கமும் சத்தமில்ல. ஊத்துத்தண்ணி விழுற சத்தம் மட்டும். இத்தனை வருசம் அது இம்புட்டுச் சத்தமா விழுறதை நான் கவனிச்சதே இல்ல.

சந்தோசந்தான். மழை பேஞ்சா யாருக்குத்தான் சந்தோசமிருக்காது?

ராக்குவைப் போன வாரம் வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில குடுத்த நாலுகால் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நாலு எட்டு நடக்குறாளாம். போகணும். போகலாம்னு நேத்துச் சேலையெல்லாம் மாத்தினேன். படி வரைக்கும் போயிட்டு, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு திரும்பிட்டேன்.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். அடுத்த வருசமும் இப்படி வறண்ட பனி வந்தா ஊரு என்ன பண்ணுங்குறீங்க. சுருளியும் அதைத்தான் கேக்குறான். நான் அவன்கிட்ட மாட்டேன்னேன். வேணும்னா வந்து மொண்டுக்கட்டும், நான் என்னைக்காவது வேணாம்னு சொன்னேனா? அதுக்கு எதுக்குப் பைப்புன்னேன். அவனுக்கு அது புரியல.

ஆனா ராக்கு குடுக்கச் சொல்லிட்டா. அவ தொண்டையில அந்தத் தண்ணி இறங்கணும்னா பைப்புலதான் இறங்கணும். அதனால குடுக்குறேன். எழுதிக்கங்க, மேட்டு வீட்டு மரகதம் சம்மதம்னு. கையெழுத்து எங்க வேணுமோ சொல்லுங்க, போடுறேன். ஒண்ணே ஒண்ணு, மொதக் குழாய் ராக்கு வீட்டு வாசல்ல வரணும். அதை மட்டும் எனக்காகப் பண்ணிக் குடுங்க.

எந்திரிக்கிறீங்களா? இருங்க, ஒரு நிமிசம். தோண்டுறதுக்கு எத்தனை ஆளு வருவாங்க? எட்டுப் பேரா? வெளியூர் ஆளுங்களா? சாப்பாட்டுக்கு எங்கயும் போக வேணாம்னு சொல்லிருங்க, இங்கயே ஆக்கிப் போட்டுர்றேன், எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. ஒரு வாரத்துல முடிஞ்சுரும்னா சொல்றீங்க? முடியாது தம்பி. நான் சொல்றேன் கேளுங்க, இந்த மண்ணு எனக்குத் தெரியும், ஒரு முழத்துக்குக் கீழ அம்புட்டும் பாறை. வேகமா தோண்டினா கடப்பாரைதான் வளையும்.

மெதுவாவே தோண்டச் சொல்லுங்க.